மதுரையில் பம்பரம், தூத்துக்குடியில் கிணறு

ஜூன் 3, திங்கள்

இது பல்கலைக்கழகம் கொடுத்த நோட்டு அல்ல. அது நீல அட்டை போட்டது. பக்கத்துக்குப் பக்கம் "இன்று மறந்தது என்ன? எப்போது நினைவுக்கு வந்தது?" என்று அச்சடித்திருக்கிறார்கள். அதில் எழுதுவதை ஆராய்ச்சி செய்கிற பெண் ஷாகிரா பானு படிப்பாள். இதை யாரும் படிக்க மாட்டார்கள். இது நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ரிட்டயர் ஆனபோது கூடவே வந்துவிட்ட லாக் புத்தகம். இந்தப் பச்சை மைப் பேனாவும் அப்படித்தான் வந்தது.

உலகம்மாளும் நானும் வெளியூர்க் கால்களை இணைக்கிற டிரங்க் எக்ஸ்சேஞ்சில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இப்போது பெருமாள்புரத்தில் ஒரே கட்டடத்தில் அவள் கீழ் வீடு, நான் மேல் வீடு. அவள் புருஷன் போய் ஒன்பது வருடம். எனக்குப் புருஷன் என்று ஒருவர் வரவே இல்லை, போவதற்கு.

போன மாதம் அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போய்விட்டாள். பால் பொங்கித் தீ அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. வாடை மேலே வந்ததும் மாற்றுச் சாவியோடு ஓடிப்போய் நான் அணைத்தேன். வாட்ச்மேன் அதை அவள் மகன் முத்துசிவத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அவன் புனேயில் பதினேழாவது மாடியில் இருக்கிறான்.

"சித்தி, அங்க யுனிவர்சிட்டியில வயசானவங்களோட ஞாபகசக்தி பத்தி ஆராய்ச்சி நடக்குதாம். ரெண்டு பேரும் சேந்துக்கிடுங்க. கடைசியில ஒரு தாள் குடுப்பாங்களாம். அது நல்லா இருந்தா அம்மா அங்கயே இருக்கட்டும். இல்லைன்னா இங்க கூட்டிட்டு வந்துருவேன்" என்றான்.

புனேயில் அவளுக்குத் தெரிந்த ஆள் யார் இருக்கிறார்கள்? லிஃப்ட் கதவோடுதான் பேச வேண்டும்.

நீல நோட்டில் எழுதியது: இன்று மறந்தது ஒன்றுமில்லை.

ஜூன் 5, புதன்

உலகம்மாள் படியேறுகிற சத்தம் கேட்டதும் டிபன் கேரியரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். இருபத்தெட்டு வருடப் பழக்கம். நாலடுக்கு எவர்சில்வர். ஒவ்வொரு அடுக்கிலும் "பா. உலகம்மாள்" என்று பெயர் வெட்டியிருக்கிறது. பாத்திரக் கடைக்காரர் எழுத்தில் கஞ்சத்தனம் பார்க்காதவர். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு வாரத்துக்கு என்று இரவல் வாங்கினேன். அம்மா தேறி வந்து, மேலும் பத்து வருடம் இருந்து, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாள். கேரியர் இங்கேயே இருக்கிறது.

"ஏட்டி, என் கேரியர் என்னாச்சு?" என்று வருடத்துக்கு நாலு தடவையாவது கேட்பாள். "நாளைக்குத் தாரேன்" என்பேன். இந்த வருடம் இன்னும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று இருக்கிறேன்.

ஜூன் 10, திங்கள்

எனக்கு முதல் பரீட்சை. எனக்குத் திங்கள், உலகம்மாளுக்கு வியாழன் என்று ஷாகிரா பிரித்திருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் புதுச் சொற்பட்டியல், ஆனால் இருவருக்கும் ஒரே பட்டியல்.

ஷாகிராவுக்கு இருபத்தொன்பது வயது இருக்கும், மேலப்பாளையத்துப் பெண். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மேசை முழுக்கத் தேடினாள். "ஆன்ட்டி, பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன், சொல்லவில்லை. யார் யாரைப் பரீட்சை செய்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

பதினைந்து சொற்களை வாசித்தாள். இருபது நிமிடம் கழித்துக் கேட்டபோது பதினான்கைச் சொன்னேன். எனக்கு வழி தெரியும். டிரங்க் போர்டில் ஊர்கள் வரிசையாக இருக்கும்: மதுரை, தூத்துக்குடி, நாகர்கோவில், தென்காசி, கோவில்பட்டி, திருச்செந்தூர் என்று. எந்த ஊர் லைனில் யார் கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்கிறார் என்று சீட்டைப் பார்க்காமலே எங்களுக்கு நினைவிருக்கும். வாசித்த சொற்களை அப்படியே ஒவ்வோர் ஊரிலும் உட்கார வைத்தேன்.

அடுத்தது காது. ஹெட்போன் மாட்டிவிட்டாள். "வலது காதுல வர்றத மட்டும் திருப்பிச் சொல்லிட்டே வாங்க. இடது காதைக் கண்டுக்காதீங்க." வலது காதில் ஒருவர் மழைநீர் சேகரிப்பைப் பற்றிப் பேசினார். இடது காதில் ஒரு பெண் மாங்காய் ஊறுகாய் போட்டாள். முடிந்ததும், "இடது காதுல என்ன கேட்டுச்சுன்னு ஏதாவது தெரியுமா? நிறையப் பேர் பொம்பளைக் குரல்னு மட்டும்தான் சொல்லுவாங்க" என்றாள். நான் செய்முறை முழுவதையும் சொல்லி, அந்தப் பெண் வெந்தயம் போட மறந்துவிட்டாள் என்பதையும் சொன்னேன்.

ஷாகிரா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஆன்ட்டி, இது கவனத்தை ஒதுக்குற திறமைக்கான டெஸ்ட். நீங்க ஒண்ணையுமே ஒதுக்கல."

ஒரு காதை ஒதுக்கியிருந்தால் முப்பது வருடம் ஊரில் யார் யாரோடு சண்டை என்று எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

ஜூன் 12, புதன்

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பேசினோம். பேச்சுவாக்கில் அந்தப் பதினைந்து சொற்களும் வந்தன. ஐந்தாறு தடவை வந்தன. போர்டு வரிசையை இவள் மறக்கவில்லை, அது தண்ணீர் மாதிரி ஓடுகிறது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்குத்தான் கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 13, வியாழன்

உலகம்மாள் பதினைந்துக்குப் பன்னிரண்டு. ஷாகிராவுக்கு ஒரே ஆச்சரியம். "ஆனா ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாடி ஒரு ஊர் பேர் சொல்றாங்க, ஆன்ட்டி. அது லிஸ்ட்ல இல்லையே" என்றாள். "ஊர்ப்பற்று" என்றேன்.

ஜூன் 15, சனி

இன்று கேரியரைத் திருப்பி வைக்க நேரமில்லை. அவள் திடீரென்று சமையலறைக்கே வந்துவிட்டாள். பெயர் வெட்டிய பக்கம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. பிடிபட்டேன் என்று நினைத்து, "நாளைக்குத் தாரேன்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

அவள் அதைக் கையில் எடுத்து, தட்டிப் பார்த்து, பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "நல்ல கனமாருக்கு. இப்பல்லாம் இப்பிடி எங்க கெடைக்கி? எங்கன வாங்கின?" என்றாள்.

டவுனில் என்றேன். அவள் போன பிறகு கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். இனி அதைச் சுவர்ப் பக்கம் திருப்பத் தேவையில்லை.

ஜூன் 18, செவ்வாய்

உலகம்மாளின் நீல நோட்டு வெறுமையாக இருக்கிறது. மறந்ததை எழுத மறந்திருக்கிறாள். காலியாகக் கொடுத்தால் நன்றாக இருக்காதே என்று நானே சிலவற்றை எழுதினேன். பெரிய மறதியாக இருக்கக் கூடாது, மறதியே இல்லாமலும் இருக்கக் கூடாது. "குடையை மாவு மில்லில் வைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் நினைவு வந்தது." "பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயர் சட்டென்று வரவில்லை." கௌரவமான மறதிகள்.

ஜூன் 27, வியாழன்

இரண்டாவது சுற்று. பதினைந்துக்குப் பதின்மூன்று. முத்துசிவத்துக்குச் சொன்னேன். "பரவால்லியே சித்தி, அம்மா என்னை விட நல்லாருக்கா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

காய் வாங்கப் போனவளை மத்தியானம் வரை காணவில்லை. மூன்று தெரு தள்ளி ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "பஸ் வரலட்டி" என்றாள். அந்தத் தெருவில் பஸ் வராது.

நீல நோட்டில் அவளுக்காக எழுதியது: கொத்தமல்லி வாங்க மறந்தேன்.

ஜூலை 11, வியாழன்

எல்லாம் போயிற்று.

மூன்றாவது சுற்று. நான் வழக்கம்போல் வெளியே பெஞ்சில். கதவு சாத்தியிருந்தது. அதெல்லாம் எனக்கு ஒரு கதவா? ஷாகிரா, "ரெடியா ஆன்ட்டி? பதினஞ்சு வார்த்தை வாசிக்கப் போறேன். கவனமா..." என்று ஆரம்பித்தாள்.

"நீ எதுக்கும்மா தொண்டையக் கஷ்டப்படுத்திக்கிட்டு? நானே சொல்லுதேன்" என்றாள் உலகம்மாள். "மதுரையில பம்பரம், தூத்துக்குடியில கிணறு, நாகர்கோவில்ல சீப்பு, தென்காசியில ஆடு..."

பதினைந்தையும் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஷாகிரா இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்காத பட்டியல். உள்ளே தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"யார் ஆன்ட்டி சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரு சொல்லணும்? எனக்கே தெரியும்லா" என்றாள் உலகம்மாள். பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பட்டியல் நினைவிருக்கிறது, நான் சொல்லிக்கொடுத்தது நினைவில்லை. அதை மறைக்க வேண்டும் என்பது சுத்தமாக நினைவில்லை.

கதவு திறந்தது. நான் சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"உங்க காதுதான் எல்லாத்தையும் கேக்குமே ஆன்ட்டி. இதையும் கேட்டிருப்பீங்க" என்றாள் ஷாகிரா. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "உங்க ரெண்டு பேர் டேட்டாவையும் தூக்கிப் போடணும். நீல நோட்டு ரெண்டும் ஒரே பச்சை மையில இருக்கறப்பவே நான் யோசிச்சிருக்கணும். அது போகட்டும். ஒரு விஷயம் ஞாபகம் இருக்கறது வேற, அது எங்கேருந்து தெரிஞ்சுதுன்னு ஞாபகம் இருக்கறது வேற. அந்த ரெண்டாவது இவங்களுக்கு இப்படி நழுவுதுன்னா உடனே டாக்டர் பாக்கணும். நான் டாக்டர் இல்ல, காரணம் சொல்ல முடியாது. ஆனா சில காரணங்களைச் சரிபண்ண முடியும், சீக்கிரம் கண்டுபிடிச்சா. முதல் சுற்றுலயே எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். ஒரு மாசம் போச்சே ஆன்ட்டி."

ஒரு மாதம். நான் எடுத்து வைத்துக்கொண்ட பொருள்களிலேயே மோசமானது இதுதான்.

ஜூலை 12, வெள்ளி

அவளுக்காகச் செய்தேன் என்று இந்தப் புத்தகத்தில் எங்கேயாவது எழுதியிருந்தால் அது பொய். அவள் புனேக்குப் போய்விட்டால் கீழ் வீட்டில் விளக்கு எரியாது. எனக்குப் பயமாக இருந்தது. எனக்காகத்தான் செய்தேன்.

ஜூலை 15, திங்கள்

ஷாகிரா கணக்கில் சேர்க்காமல், புதுப் பட்டியல் ஒன்றை உலகம்மாளுக்கு வாசித்தாள். நான் பெஞ்சில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

பதினைந்துக்கு மூன்று.

வெளியே வந்ததும் கேன்டீனில் உட்கார வைத்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பட்டியல், நீல நோட்டு, ஜெராக்ஸ் கடை. உளுந்தவடையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ சொல்லிக் குடுத்ததா அதெல்லாம்? சவம், நான் ஒரு புத்திசாலின்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

பிறகு வடையைத் தட்டில் வைத்துவிட்டாள். "எனக்குத் தெரியாம இருக்குமா தங்கபாய்? சில நேரம் வீட்டுக்குள்ளயே எதுக்கு வந்தோம்னு நிக்கேன். யார்ட்ட சொல்லணும்னு தெரியல. உன்ட்ட சொன்னா நீ அழுவ."

அழமாட்டேன் என்று சொல்லிவிட்டு அழுதேன்.

ஜூலை 18, வியாழன்

டாக்டர் ரத்தம் எடுத்தார், தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். "இன்னைக்கு என்ன கிழமை?" என்று அவளிடம் கேட்டதற்கு, "ஏன், உங்களுக்கும் மறந்துட்டா?" என்றாள். அவர் சிரித்துவிட்டார். ஆனால் கிழமையை அவள் சொல்லவே இல்லை.

ஜூலை 22, திங்கள்

பி-12 சத்து அவள் உடம்பில் பேருக்குக்கூட இல்லையாம், தைராய்டும் குறைவாம். ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றுமில்லை. ஊசி, மாத்திரை. "எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. ரெண்டு மாசம் பாப்போம்" என்றார் டாக்டர்.

முத்துசிவத்துக்குப் போன் போட்டு அவள் கையிலேயே கொடுத்தேன். கேஸிலிருந்து என் பித்தலாட்டம் வரை அவளே சொன்னாள். விட்டுப்போனதை நான் எடுத்துக் கொடுத்தேன். அவன் கத்தினான், நியாயம்தான். கடைசியில், "பிள்ளையார் சதுர்த்தி முடிஞ்சு மறுநாள் வாரேன். அன்னைக்கு நேர்ல பாத்து முடிவு பண்ணுவோம். அதுவரைக்கும் அவளைத் தனியா விட்டுராதீங்க சித்தி" என்றான்.

ஜூலை 29, திங்கள்

பித்தலாட்டத்துக்குப் பயன்பட்ட போர்டு இப்போது நல்ல காரியத்துக்கு வருகிறது. ஷாகிராவின் யோசனை. நான் இனி எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, உலகம்மாளே இடம் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். உலகம்மாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே போர்டு இருப்பது போலக் கையை நீட்டிப் பார்த்துக்கொள்கிறாள். மதுரையில் கேஸ், அணைத்தாகிவிட்டது. தூத்துக்குடியில் வாசல் கதவு. நாகர்கோவிலில் மாத்திரை. தென்காசியில் ஊசி போடுகிற நாள். கோவில்பட்டியில் முத்துசிவத்துக்குப் போன்.

"திருச்செந்தூர்ல?" என்று கேட்டேன்.

"அங்க என்னமோ இருக்கு. வரமாட்டேங்கு" என்றாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஊசி. நர்ஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இந்த நர்ஸை அவள் பார்ப்பது மூன்றாவது தடவைதான்.

ஆகஸ்ட் 14, புதன்

மோசமான நாள். நான் உள்ளே போனதும் எழுந்து நின்று, "லீவு லெட்டர் குடுத்துட்டேன், ஸ்டெல்லா மேடம்" என்றாள். ஸ்டெல்லா மேடம் எங்கள் சூப்பர்வைசர், போய்ச் சேர்ந்து பதினைந்து வருடம். சரி, உட்காரும்மா என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த அம்மாளோடு என்னை ஒப்பிட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ரசத்தில் உப்பு இல்லை என்றாள். உண்மையிலேயே இல்லை.

"திருச்செந்தூர்?"

"பொறுட்டி. ரிங் போகுது, யாரும் எடுக்கல."

செப்டம்பர் 5, வியாழன்

ஷாகிரா மறுபடி ஒரு பட்டியல் வாசித்துப் பார்த்தாள். நான் கட்டடத்துக்குள்ளேயே நுழையக் கூடாது என்று உத்தரவு, வேப்பமரத்தடியில் நின்றேன். பதினைந்துக்கு ஒன்பது. ஷாகிரா ஓடிவந்து சொன்னாள். சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் போனை எங்கே வைத்தோம் என்று தேடினாள். கையில்தான் இருந்தது. இந்தத் தடவை சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

முத்துசிவம் பேசினான். தினமும் அம்மாவோடு பேசுகிறான், அவனுக்கும் தெரிகிறது. "ஞாயித்துக்கிழமை காலையில வந்துருவேன் சித்தி. திரும்பிப் போறதுக்கு ஒரு டிக்கெட்தான் போட்டிருக்கேன்" என்றான். மறுபடி கேஸ் விஷயம் நடந்தால் அடுத்த தடவை இரண்டு டிக்கெட் என்றும் சொன்னான். நான் போனை வைத்துவிட்டுக் கீழ் வீட்டு அடுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. பதினோரு மணிக்கு உலகம்மாள் தட்டு நிறையக் கொழுக்கட்டையோடு மேலே வந்தாள். பூரணம் சரியான இனிப்பு, ஏலக்காயும் விழுந்திருந்தது. நான் கர்த்தருக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு நாலு சாப்பிட்டேன்.

வழக்கம்போல் வரிசையைக் கேட்டேன். மதுரை, தூத்துக்குடி, நாகர்கோவில், தென்காசி, கோவில்பட்டி எல்லாம் சொன்னாள்.

"திருச்செந்தூர்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் சமையலறை மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அந்தப் பழைய ஆபரேட்டர் களை வந்தது, லைன் கிடைத்தவுடன் வருகிற களை.

"திருச்செந்தூர்ல ஒரு கால் இருபத்தெட்டு வருசமா காத்துக் கெடக்கு" என்றாள். "ஏட்டி, என் கேரியர எடு."

எனக்குக் கண் மறைத்துவிட்டது. பழக்க தோஷம், வாய் தானாக "நாளைக்குத் தாரேன்" என்றது.

"நாளையாவது நாளன்னைக்காவது! ஒங்கம்மைக்கு ஒரு வாரம் கஞ்சி கொண்டுபோகணும்னு வாங்கினவ. பேரு வெட்டியிருக்குலா? அதையும் வச்சு ஆண்டிருக்கியே, கள்ளி!" என்று எழுந்துபோய்த் தானே எடுத்துக்கொண்டாள். நான் அழுவதைப் பார்த்து, "ஒரு கேரியருக்கு இம்புட்டு அழுகையா? வேணும்னா மாசத்துல ஒருநாள் இரவல் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கேரியர் கைப்பிடி கிலுங்கிக்கொண்டே போனது. அந்தச் சத்தத்தை நான் கடைசிப் படி வரை கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நீல நோட்டை எடுத்தேன். ஆராய்ச்சியிலிருந்து எங்களை நீக்கிவிட்டாலும் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. மூன்று மாதமாக "ஒன்றுமில்லை" என்றே எழுதிய பக்கங்களுக்குப் பிறகு, முதல் தடவையாக ஓர் உண்மையான மறதியை எழுதினேன்:

இன்று மறந்தது: கேரியரின் இரண்டாவது அடுக்கில் நேற்று வைத்த மீன்குழம்பு இருப்பதைச் சொல்ல. நினைவு வந்தது: அவள் பிள்ளையாருக்கு முன்னால் அதைத் திறந்திருக்கும் நேரத்தில்.

எழுதி முடிப்பதற்குள் கீழேயிருந்து ஒரு கத்தல். தெருவே கேட்டிருக்கும். என் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள். ஸ்டெல்லா மேடத்தை அல்ல, என்னைத்தான், தங்கபாய் என்று, முழுசாக.